கடலடிப் புல்வெளியின் 250 ஆண்டுச் சேமிப்பு

பேராவூரணி பக்கத்துக் கடைமடையிலிருந்து ஒரு வாசகர் தம்முடைய மண் பரிசோதனை அட்டையின் நகலை இணைத்து எழுதியிருக்கிறார். மூன்று ஏக்கர் சம்பா சாகுபடி. அட்டையில் அங்ககக் கார்பன், அதாவது கரிமச்சத்து, 0.40 சதவீதம். பக்கத்தில் ‘குறைவு’ என்று குறித்திருக்கிறார்கள். ஐந்து வருடமாக விடாமல் தொழுவுரம் போடுகிறார், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறார். எண் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. இந்த நிலையில், “அதிராம்பட்டினம் கடலுக்கடியில் வளர்கிற புல், நூற்றுக்கணக்கான வருடத்துக் கரிமத்தை மண்ணில் பிடித்து வைத்திருக்கிறது என்கிறார்கள். யாரும் உரம் போடாத அந்த மண்ணில் நிற்கிற கரிமம் என் வயலில் ஏன் நிற்பதில்லை?” என்று கேட்டிருக்கிறார்.

கடற்புல் பற்றி வேறு சில வாசகர்களும் எழுதியிருப்பதால், இந்த இதழில் அவர்களுடைய கேள்விகளுக்கும் சேர்த்து விடை தரப்படுகிறது.

கேள்வி: கடற்புல் என்பது கடற்பாசிதானே? நாம் பயிருக்குத் தெளிக்கும் பாசிச் சாறு இதிலிருந்துதான் எடுக்கிறார்களா?

பதில்: இல்லை. இரண்டும் வேறு. பாசிச் சாறு எடுக்கப் பயன்படும் கப்பாபைகஸ், சர்காசம் போன்றவை கடற்பாசிகள். அவற்றுக்கு உண்மையான வேர் கிடையாது. பாறையிலோ மிதவையிலோ கட்டிய கயிற்றிலோ ஒட்டி வளரும். உணவை உடம்பு முழுவதாலும் தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

கடற்புல் முழுமையான பூக்கும் தாவரம். நம் வயல் அறுகு போலவே மண்ணுக்குள் படரும் கிழங்குத்தண்டு, அதன் கணுக்களில் வேர், மேலே இலை என்று எல்லாம் உண்டு. தண்ணீருக்கு அடியிலேயே பூத்து, மகரந்தம் தண்ணீரில் மிதந்து சேர்ந்து, காய்த்து விதை விடும். நிலத்தில் இருந்த தாவரங்கள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குத் திரும்பியதால் உண்டான கூட்டம் இது. உலகம் முழுவதும் சுமார் 70 இனங்கள்தான் இருக்கின்றன. இந்தியக் கரைகளில் காணப்படும் இனங்களில் பெரும்பாலானவை நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கிடைக்கின்றன. நாடா போல நீண்ட இலை கொண்ட என்ஹாலஸ், பட்டை இலை கொண்ட சைமோடோசியா, ஊசி போன்ற இலை கொண்ட சிரிங்கோடியம், சின்ன வட்ட இலை கொண்ட ஹாலோபிலா ஆகியவை அவற்றில் சில. மீனவர்கள் பொதுவாகத் ‘தாழை’ என்றே சொல்வார்கள். கரையில் இருக்கும் தாழம்பூச் செடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வெயில் அடிமண் வரை இறங்கும். அலையும் குறைவு. புல் வளர இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அந்தப் பரப்புக்குள் 12,250 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 30,000 ஏக்கர் கடற்புல் இருப்பதாகக் கணக்கு. நம் பக்கத்தில் ஆவுளியா என்று சொல்லப்படும் கடற்பசு ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை இந்தப் புல்லைத்தான் மேய்கிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது இந்தப் புல்லுக்குள்தான்.

கேள்வி: கரிமம் அந்தக் கடல் மண்ணுக்குள் எப்படிப் போகிறது?

பதில்: இரண்டு வழிகளில் போகிறது.

முதல் வழி, புல்லின் சொந்த உழைப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன்-டை-ஆக்சைடை இலை எடுத்து, வெயிலைக் கொண்டு மாவுப்பொருள் தயாரிக்கிறது. அதில் நல்ல பங்கு கீழே இறங்கி வேராகவும் கிழங்குத்தண்டாகவும் மாறுகிறது. மேலே உதிரும் இலையில் பெரும்பகுதியை அலை கொண்டுபோகும், புழு பூச்சியும் மீனும் தின்னும். மண்ணுக்குள் சாகிற வேருக்கும் தண்டுக்கும் அந்த வழி கிடையாது. செத்த இடத்திலேயே புதைந்து கிடக்கும்.

இரண்டாவது வழி, வடிகட்டும் வேலை. வரப்பு ஓரம் வெட்டிவேர் நட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓடி வரும் கலங்கல் தண்ணீர் புல் வரிசையைத் தொட்டதும் வேகம் குறைந்து, வண்டலை அங்கேயே இறக்கிவிட்டுத் தெளிந்து போகும். கடற்புல்லும் அதைத்தான் செய்கிறது. நீரோட்டம் புல்வெளிக்குள் நுழைந்ததும் தளர்கிறது. தண்ணீரில் மிதந்து வந்த நுண்பாசி, செத்த உயிரிகளின் துகள், ஆறு கொண்டுவந்த இலை தழைத் தூள் எல்லாம் அடியில் படிகின்றன. படிந்ததை அலை மறுபடி கிளப்பாதபடி இலைகள் மூடிக்கொள்ளும், வேர்கள் மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பல நாடுகளின் புல்வெளி மண்ணை ஆராய்ந்தபோது, அதில் இருக்கும் கரிமத்தில் ஏறத்தாழ பாதிதான் புல்லுடையது என்றும், மீதிப் பாதி இப்படி வெளியிலிருந்து வந்து சிக்கியது என்றும் தெரிந்தது.

வருடா வருடம் மேலே புதுப் படிவு சேரச் சேர, புல்லும் கூடவே மேலேறி வளரும். பழையது ஆழத்துக்குப் போய்விடும். மத்தியதரைக் கடலில் போசிடோனியா என்ற கடற்புல் இப்படி ஏறி ஏறிப் பல மீட்டர் தடிமனுக்கு அடிமெத்தை கட்டியிருக்கிறது. அதன் அடிப்பகுதியில் கிடைக்கும் கிழங்குத்தண்டுகள் ஆயிரக்கணக்கான ஆண்டு பழையவை. இன்னும் மக்கி முடியவில்லை.

கேள்வி: மக்காமல் எப்படி இருக்கிறது? நான் போடும் தொழுவுரம் அடுத்த போகத்துக்குள் காணாமல் போகிறதே?

பதில்: கடைமடை வாசகரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

மக்குவது என்பது நுண்ணுயிர்கள் தின்பது. அவை வேகமாகத் தின்ன ஆக்சிஜன் வேண்டும். நம் வயலில் உழும்போதெல்லாம் மண்ணுக்குள் காற்றை இறக்கிவிடுகிறோம். மண்கட்டிகளுக்குள் ஒளிந்திருந்த கரிமமும் வெளியே வந்துவிடுகிறது. மேலே நம் ஊர் வெயில் வேறு. ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டாலும் அதன் கரிமத்தில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று, கார்பன்-டை-ஆக்சைடாகக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். சிறு பகுதிதான் மட்காக மண்ணில் நிற்கும். வாசகர் ஐந்து வருடம் போட்டது வீண் இல்லை. அது பயிருக்குச் சத்தாகப் போயிருக்கிறது. அட்டையில் எண் இறங்காமல் நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

கடற்புல்வெளியில் கலப்பை இல்லை. மண்ணின் மேல்தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டரிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கிழங்குத்தண்டும் எளிதில் செரிக்காத நார்ப்பொருள், தழைச்சத்தும் குறைவு. நுண்ணுயிர்களுக்கு அது வைக்கோல் தின்கிற மாதிரிதான். மாட்டுக்காவது இரைப்பை நான்கு அறை, இவற்றுக்கு அதுவும் இல்லை. அதனால் மக்குவது மிக மிக மெதுவாக நடக்கிறது.

“நெல் வயலும் சேறுதானே, அங்கேயும் ஆக்சிஜன் இல்லையே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெல் வயலில் தண்ணீர் கட்டியிருக்கும்வரை மக்குவது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அறுவடைக்கு வடிக்கிறோம், காயவிடுகிறோம், மறுபடி உழுகிறோம். ஒவ்வொரு தடவையும் காற்று புகுந்துவிடும். இன்னொரு வேறுபாடும் உண்டு. நன்னீர்ச் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தபின் வேலைக்கு வரும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். அது நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன்-டை-ஆக்சைடைப்போல 27, 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். கடல் நீரில் சல்பேட் உப்பு நிறைய இருக்கிறது. அங்கே சல்பேட்டைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு, மீத்தேன் உண்டாக்கும் கூட்டத்துக்கு இரை அதிகம் கிடைக்காமல் செய்துவிடுகின்றன. கடல் சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் இந்தச் சல்பேட் வேலையின் அடையாளம். அதனால் கடற்புல் மண்ணிலிருந்து மீத்தேன் கொஞ்சமாகத்தான் வெளிவருகிறது.

கேள்வி: எவ்வளவு கரிமம் இருக்கும்? ஏக்கர் கணக்கில் சொல்ல முடியுமா?

பதில்: ஐ.நா.வின் காலநிலைக் குழு 2013-ல் ஈரநிலங்களுக்காக வெளியிட்ட கணக்கீட்டு வழிகாட்டியில் அலையாத்திக் காடு, உவர்ச் சதுப்பு நிலம், கடற்புல் மூன்றுக்கும் பொது மதிப்புகள் தரப்பட்டுள்ளன. அந்தந்த இடத்து அளவீடு இல்லாதபோது பயன்படுத்தும் உலகச் சராசரி மதிப்புகள் அவை. கடற்புல்வெளி மண்ணின் மேல் ஒரு மீட்டரில் ஹெக்டேருக்கு 108 டன் கரிமம் இருக்கும், வருடத்துக்குப் புதிதாக 0.43 டன் சேரும் என்பது அந்த மதிப்பு.

ஏக்கருக்கு மாற்றினால், இருப்பு சுமார் 44 டன். வருட வரவு சுமார் 175 கிலோ.

வாசகரின் வயலோடு ஒப்பிடுவோம். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 800 டன். அதில் 0.40 சதவீதம் என்றால் 3.2 டன் கரிமம். ஒன்று அரை அடி ஆழக் கணக்கு, மற்றொன்று மூன்றேகால் அடி ஆழக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. வயலில் ஆழம் போகப் போகக் கரிமம் குறைந்துகொண்டே வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கடல் மண்ணின் இருப்பு பல மடங்கு என்பது விளங்கும்.

இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது முக்கியம். வருட வரவு 175 கிலோ. இது பெரிய தொகை இல்லை. கார்பன்-டை-ஆக்சைடாக மாற்றினால் சுமார் 640 கிலோ. டிராக்டருக்கு 240 லிட்டர் டீசல் எரித்தால் வெளிவரும் புகைக்குச் சமம். ஆனால் இருப்பு 44 டன். 175 கிலோ வீதம் 44 டன் சேர 250 வருடம் ஆகும். தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் தொடங்கியிருந்தால்தான் இன்றைக்கு இந்த இருப்பு வந்திருக்கும். கடற்புல்லின் மதிப்பு, இனி அது சேர்க்கப்போவதைவிட ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பதில்தான் அதிகம் இருக்கிறது. ஒரு புல்வெளியை அழித்துவிட்டு வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவர்களிடம் காட்டலாம்.

எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்காது. களிமண்ணில் கரிமம் நிற்கிற மாதிரி மணலில் நிற்காது என்பது உழவருக்குத் தெரிந்ததுதான். கடலிலும் அப்படியே. பெரிய இலை, தடித்த தண்டு கொண்ட இனம் வளரும் சேற்றுப்பாங்கான அமைதியான கடலில் அதிகம் சேரும். சின்ன ஹாலோபிலா வளரும் பருமணலில் குறைவாகவே சேரும்.

கேள்வி: புல் அழிந்துபோனால் அடியில் உள்ள கரிமம் என்ன ஆகும்?

பதில்: மூடி போய்விட்ட குதிர் மாதிரி ஆகும். புல் போனதும் மண்ணைப் பிடித்து வைத்த வேர் அழுகும். அலை மேல்மண்ணைக் கிளப்பும். கிளம்பிய மண் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைச் சந்திக்கும். இத்தனை காலம் மக்காமல் இருந்தது மக்கத் தொடங்கும். எல்லாம் ஒரே வருடத்தில் போய்விடாது. மேலடுக்கு முதலில் போகும், ஆழத்தில் இருப்பது மெதுவாகப் போகும்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஷார்க் பே என்ற விரிகுடா இருக்கிறது. உலகின் மிகப் பெரிய கடற்புல்வெளிகளில் ஒன்று அங்கே உள்ளது. 2010-11 கோடையில் அந்தக் கடல் இயல்புக்கு மேல் பல வாரங்கள் சூடாகிக் கிடந்தது. சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் புல்வெளி சேதமடைந்தது. அதற்குப் பிந்திய மூன்று வருடங்களில் 20 லட்சம் முதல் 90 லட்சம் டன் வரை கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் 2018-ல் மதிப்பிட்டார்கள்.

நம் பாதுகாப்பகத்தின் 30,000 ஏக்கருக்கு மேற்சொன்ன உலகச் சராசரியைப் போட்டுப் பார்த்தால் இருப்பு சுமார் 13 லட்சம் டன் கரிமம். இது பாக் விரிகுடா மண்ணை அளந்து சொன்ன எண் இல்லை, ஒரு தோராயம். காக்க வேண்டியது எவ்வளவு பெரிய இருப்பு என்பதை அறிய அது போதும்.

கேள்வி: எங்கள் ஊர் வடிகால் சேரும் முகத்துவாரத்தில் வலை போடும் நண்பர், “மழைக்காலத்துல உங்க வயத் தண்ணி வந்துச்சுன்னா தாழை மேல வழுவழுன்னு பாசி ஏறிடுதுங்க” என்கிறார். நாங்கள் போடும் உரம் கடல் வரை போய்க் கெடுக்குமா?

பதில்: நண்பர் சொல்வதில் பொருள் இருக்கிறது.

கடற்புல்லுக்கு வெயில் அதிகம் வேண்டும். கடல் மேற்பரப்பில் விழும் ஒளியில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இலைக்குக் கிடைக்க வேண்டும். மிதக்கும் பாசிகளுக்கு அதில் சிறு பங்கே போதும். வயலிலிருந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரோடு கடலுக்குப் போனால் புல்லுக்கு முன் பாசி கொழுக்கும். மிதக்கும் பாசி தண்ணீரைப் பச்சையாக்கும், ஒட்டும் பாசி இலையின் மேல் தோல் மாதிரி படரும். வண்டலும் கூடவே வந்தால் தண்ணீர் கலங்கி ஒளி இன்னும் குறையும். இப்படிப் பல வாரம் நீடித்தால் புல் சேமித்து வைத்த மாவுப்பொருளைத் தின்று தீர்த்துவிட்டுச் சாகும்.

களைக்கொல்லியும் ஒரு காரணம். டையூரான், அட்ரசின் போன்றவை களையின் ஒளிச்சேர்க்கையை நிறுத்துவதால்தான் களையைக் கொல்கின்றன. கடற்புல்லும் பூக்கும் தாவரம்தான், அதன் ஒளிச்சேர்க்கையும் அதே முறையில்தான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கரும்பு வயல்களிலிருந்து ஓடும் மண், தழைச்சத்து, களைக்கொல்லி மூன்றையும் குறைக்க அரசே திட்டம் போட்டு, கரும்பு விவசாயிகளுக்கு உர அளவைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. அங்கே 2011-ல் பெருவெள்ளமும் யாசி புயலும் வந்து கடற்புல் அழிந்தபோது, மேய்ச்சல் இல்லாமல் கடற்பசுக்களும் ஆமைகளும் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்துக் கரை ஒதுங்கின.

பாக் விரிகுடாவில் எந்தக் காரணத்தால் எவ்வளவு புல் குறைகிறது என்று வயல்களின் மேல் மட்டும் பழி போட முடியாது. அடிமண்ணை வாரிச் செல்லும் இழுவை மடிகள், நங்கூரம், ஊர்களின் சாக்கடை, இறால் பண்ணைக் கழிவுநீர், கடலின் வெப்பம் என்று காரணங்கள் பல உள்ளன. அவற்றை எல்லாம் உழவர் கட்டுப்படுத்த முடியாது. தம் வாய்க்காலில் இறங்கும் தண்ணீரைக் கட்டுப்படுத்தலாம்.

அதற்குப் பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் 1982-ல் சுமார் 21,600 ஏக்கர் கடற்புல்தான் மிஞ்சியிருந்தது. கழிவுநீரில் போகும் தழைச்சத்தைக் குறைத்து, வருடக்கணக்காகக் காத்திருந்ததில் 2014-ல் அது 40,000 ஏக்கரைத் தாண்டியது. அங்கே பெரும்பகுதி புல்லை யாரும் நடவில்லை. தண்ணீர் தெளிந்ததும் தானே வந்தது. ஆனால் 2016-க்குப் பிறகு மறுபடி குறையத் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை சரிசெய்துவிட்டு விட்டுவிடக் கூடிய வேலை இல்லை இது.

கேள்வி: நெல் விவசாயி என்ன செய்யலாம்?

பதில்: கடலுக்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. வயலில் போட்ட காசு வயலிலேயே நிற்க என்ன செய்ய வேண்டுமோ, அதுவே கடலுக்கும் போதும்.

1. யூரியாவை மொத்தமாக அள்ளி வீசாமல் பிரித்துப் போடவும். தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் எனப் பயிர் கேட்கும் நேரத்தில் போட வேண்டும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் போட்டால் போதும்.

2. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து போடவும். சத்து மெதுவாகக் கரையும்.

3. மேலுரம் போடுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்கவும். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை வரும் என்றால் இரண்டு நாள் தள்ளிப் போடுவதில் நட்டமில்லை. போட்ட மறுநாள் மழை கொட்டி வரப்பு வழிந்தால், மூட்டைப் பணம் வடிகாலில் போய்விடும்.

4. களைக்கொல்லி இட்ட பிறகு இரண்டு, மூன்று நாட்களுக்குத் தண்ணீரை வடிக்காமல், வெளியிலிருந்து பாய்ச்சாமல் நிறுத்தவும். மருந்து வேலை செய்யவும் அதுதான் வழி.

5. வரப்பைச் செதுக்கும்போது வடிகால் ஓரப் புல்லை வேரோடு எடுக்க வேண்டாம். வாய்க்கால் கரையில் வெட்டிவேர் நடலாம். இங்கே நிற்கும் ஒவ்வொரு கூடை வண்டலும் உங்கள் மேல்மண்.

6. கடலோரத்தில் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள், குளத்தைக் கழுவும் நீரை நேரே ஓடையில் விடாமல் படிவுக் குட்டையில் தேக்கித் தெளியவைத்து விடவும்.

கேள்வி: “கடற்புல் நட்டால் கார்பன் கிரெடிட் பணம் வரும், முன்பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள்” என்று எங்கள் ஊரில் சிலர் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். முதலாவதாக, கடலடி மண்ணுக்கு யாரும் பட்டா வைத்திருக்க முடியாது. அரசின் அனுமதி இல்லாமல் அங்கே எதையும் நடவும் முடியாது. இரண்டாவதாக, ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன்-டை-ஆக்சைடு. மேலே போட்ட கணக்குப்படி ஓர் ஏக்கர் மண்ணில் ஒரு வருடத்துக்குச் சேர்வது 640 கிலோ. அதாவது ஏக்கருக்கு வருடம் ஒரு கிரெடிட்கூட முழுதாகத் தேறாது. அதையும் நட்ட அன்றைக்கே தர மாட்டார்கள். மண் மாதிரி எடுத்து, அளந்து, சரிபார்த்த பிறகுதான்.

கடற்புல்லை நடுவது முடியாத வேலை என்று இதற்குப் பொருள் இல்லை. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், சட்டங்களில் சணல் கயிறு கட்டி அதில் புல்லைக் கோத்து மன்னார் வளைகுடாவில் நட்டுப் பிழைக்க வைத்திருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா கரையில் 1930-களில் நோயாலும் புயலாலும் அடியோடு அழிந்த புல்லை, 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகளை 20 வருடம் தூவி சுமார் 3,600 ஹெக்டேருக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே மண்ணில் கரிமம் இயல்பான வேகத்தில் சேரத் தொடங்க 10 வருடத்துக்கு மேல் ஆனது. இது நிறுவனங்களும் அரசும் பொறுமையாகச் செய்யும் வேலை. முன்பணம் கேட்பவர் செய்யும் வேலை இல்லை.

கேள்வி: கரை ஒதுங்கும் தாழையை அள்ளித் தென்னைக்குப் போடலாமா?

பதில்: கடலில் வேரோடு இருப்பதைப் பிடுங்கவே கூடாது. கரையில் காய்ந்து ஒதுங்கியதும் மணல் அரிப்பைத் தடுக்கும் வேலையைச் செய்கிறது, நண்டு முதலியவற்றுக்கு இரையும் ஆகிறது. அதனால் வண்டி வண்டியாக அள்ளுவது சரியில்லை. வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் எடுப்பவர்கள், மழையில் நன்றாக நனைய விட்டு உப்பை இறக்கி, சாணத்தோடு சேர்த்து மக்கவைத்த பிறகே போடவும். உப்போடு அப்படியே போட்டால் மணல்பாங்கான தென்னந்தோப்பில் ஒரு மழையில் கழுவிப் போகும், களிமண் நிலத்திலோ உவர் ஏறும். தென்னைக்குக் கரிமம் வேண்டுமென்றால் தோப்பிலேயே கிடைக்கும் மட்டையும் தேங்காய் நாரும் நல்ல மூடாக்கு.

கடைமடை வாசகருக்குக் கடைசியாக ஒன்று. தொழுவுரத்தையும் தக்கைப்பூண்டையும் நிறுத்த வேண்டாம். வைக்கோலை எரிக்க வேண்டாம். சம்பாவுக்குப் பிறகு உளுந்து விதைப்பதானால் உழாமல், அறுவடைக்கு முன்பே ஈரத்தில் விதைக்கும் நம் பழைய வழக்கத்தைத் தொடரவும். உழவு குறைந்தால் கரிமம் நிற்கும் என்பது கடலடி மண் சொல்லும் பாடமும்தான். அட்டையில் 0.40 என்பது 0.50 ஆக ஐந்து வருடத்துக்கு மேலும் ஆகலாம். மண்ணில் கரிமம் எங்கேயும் அவ்வளவு மெதுவாகத்தான் சேர்கிறது. இந்தப் பருவம் மேலுரம் போடும் நாளை மட்டும் மழை பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். முகத்துவாரத்தில் வலை போடும் நண்பரிடம், தை மாதத்தில் தாழை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதினால் மற்ற வாசகர்களுக்கும் உதவும்.